கன்னத்துச் சிவப்பு

மார்ச் 4

இன்றும் அப்பா வரைவதற்காக அக்கா, மடியில் செர்ரிப் பூங்கொம்போடு, பழங்காலச் சீமாட்டி போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா போனபிறகு அப்பா தொட்டிருக்கும் முதல் ஓவியம். பூவெல்லாம் வரைந்தாயிற்று, முகம்தான் பாக்கி. "பூ வாடிடும், பொண்ணு காத்திருப்பா" என்பார். அவருக்கு முகம் எப்போதும் கடைசி.

மார்ச் 6

அப்பா குதிக்காத குறை. "பாரு குட்டி, அவ கன்னத்துல வசந்தமே வந்துடுச்சு! இந்தச் சிவப்புக்குத்தான் இத்தனை வருஷமாத் தவிச்சேன்!"

பக்கத்தில் படுப்பவள் நான். அது வசந்தமில்லை. அக்கா உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

மார்ச் 7

"அப்பாகிட்ட வாயத் தொறந்தே, உன்கூடப் பேசவே மாட்டேன்டி வாலு. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் அப்பா விசிலடிக்கிறாரு. படம் முடியட்டும்."

என்கிறாள் அக்கா. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுகிறாள், அப்பாவுக்குக் கேட்காதபடி. எனக்குக் கேட்கிறதே.

மார்ச் 9

சொல்லிவிட்டேன். "அப்பா, அக்காவுக்கு ஜுரம்."

"ஜன்னல் வெயில்மா அது" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

"தன்னை வரையலைன்னு இவளுக்குப் பொறாமைப்பா" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள்.

நான் யாரிடம் போய் —

மார்ச் 10

அக்கா மூச்சு விட்டால் நெஞ்சில் ஏதோ உரசுகிற சத்தம். என்னைப் பார்த்து "அம்மா"ன்னு கூப்பிட்டா. பயமா இருக்கு. ஐயோ, ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 11

வெள்ளை வண்ணம் தீர்ந்துபோய் அப்பா கடைக்குப் போனார். அக்கா அயர்ந்து தூங்கினாள். வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியால் படத்தின் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். ஈரம் காயவில்லை, ஒரே இழுப்பில் சேறாகிவிட்டது.

கொன்றாலும் கொல்லட்டும். இனி அவர் அந்த நிறத்தை மறுபடி கலக்க வேண்டும். கலந்தால் வண்ணம் குழைக்கும் கத்தி நுனியில் எடுத்து, அக்கா கன்னத்தை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். கிட்டே வந்துதானே ஆகவேண்டும்?

மார்ச் 12

"யாருடி இதப் பண்ணது?" வீடே அதிர்ந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கலக்கினார். கத்தியோடு அக்காவிடம் குனிந்தார். விரல் கன்னத்தில் பட்டது.

கத்தி கீழே விழுந்தது.

"கண்ணு... என்னம்மா இப்படிச் சுடுது?"

அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

மார்ச் 20

ஆஸ்பத்திரியில் இன்றுதான் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். முகம் காகிதமாய் வெளுத்திருந்தது.

"பேய் மாதிரி இருக்கேனாப்பா?"

அப்பா அவள் கன்னத்தில் புறங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

"இதான்மா நெறம்" என்றார்.