கறுத்துப்போன பச்சை

என் இடுப்பிலேயே வளர்ந்த தங்கச்சி காமாட்சிக்கு,

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமல் நாலு வருடமாகிறது. நான் இன்னும் மேட்டு மலையில்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். முழங்கால்தான் கூட வர மறுக்கிறது. அலுத்துப்போய்விட்டது, தங்கச்சி. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உன் மகள் ராசாத்திக்குப் பன்னிரண்டு வயது. பிந்திச் சேர்த்ததால் நாலாம் வகுப்புதான் படிக்கிறாள். நான் ஒருத்தி உழைத்து வாங்கும் அரிசி பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதனால் வெள்ளிக்கிழமை கணக்கப்பிள்ளையிடம், "திங்கக்கெழமையிலருந்து வேலைக்குப் புள்ள பேரப் பதிஞ்சுக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பழைய கலண்டர் தாளை மடித்து, வாத்தியாருக்கு வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்தாள். முன்பக்கம், ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள நம் பள்ளிக்கூடம். தகரக் கூரை, ஒற்றைக் கதவு, மணிக்குப் பதிலாகத் தொங்கும் இரும்புத் துண்டு எல்லாம் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே கரும்பலகை. கறுப்புக்கு அடுப்புக்கரி, வானத்துக்கு வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். மலைக்குத்தான் பச்சை இல்லை.

"பெரியம்மா, நாலு கொழுந்து கிள்ளி அரச்சுத் தர்றீங்களா?"

சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய்க் கிள்ளிவந்து, அம்மியில் நசுக்கிப் பிழிந்து கொடுத்தேன். மலை பச்சைப் பசேலென்று வந்தது. சோறு தின்று கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மலை முழுக்கக் கறுத்துப் பழுப்பேறிக் கிடக்கிறது! பிறந்ததிலிருந்து கொழுந்தோடு கிடக்கிறவள் நான். கசக்கினால் கறுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. "பரவால்ல பெரியம்மா. வேற செய்யத்தான் நாளில்லையே" என்றாள்.

ஏன் நாளில்லை? அட்டைக் கதவைத் திறந்தேன். கரும்பலகைக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'வாத்தியாருக்கு நன்றி. நாளையிலிருந்து நான் கொழுந்துக்குப் போகிறேன்.'

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். லயத்துச் சுவருக்குக் கேட்கவா வேண்டும்?

உன்னைத் தூக்கி வைத்திருக்க ஆளில்லை என்று என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் எந்த வாத்தியாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் போகவில்லை, அவ்வளவுதான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததா? இருந்தது. ஆனால் உன் மகள் நன்றி சொல்லி விடைபெறுவதை என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நான் தனியாகப் போனேன்.

"புள்ள எங்க?" என்றார் கணக்கப்பிள்ளை.

"பள்ளிக்கொடம் போகுதுங்க ஐயா."

"அரிசி பத்தலன்னு அழுதது நீதான?"

"இன்னமும் அழுவேங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டேன்.

அட்டை பழுப்பு மலையோடுதான் போனது. அவள் எழுதியிருந்த வரிமேல் மட்டும் ஒரு துண்டுத் தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, கோணல் எழுத்தில் நானே எழுதினேன்: 'ராசாத்தி ஐந்தாம் வகுப்பு முடிப்பாள்.'

எப்படி முடிப்பாள், அதுவரை அரிசிக்கு என்ன வழி என்று என்னைக் கேட்காதே. வாத்தியார் அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டாராம். எழுதிக் கொடுத்துவிட்டேன், தங்கச்சி. இனி இந்த முழங்கால் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும்.

மூன்றாம் வகுப்போடு நின்ற
உன் அக்கா,
மீனாட்சி