இரண்டாவது டிக்கெட்

என்னங்க,

டிவியில் துப்பாக்கி வெடித்தாலே எழுந்து போகிறவர் நீங்கள். ஒரு இங்கிலீஷ் போர்ப்படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு, “என்னா காமெடி தெரியுமா!” என்கிறீர்கள். உங்கள் பழைய பட்டாளத்து ஷூவுக்குப் பாலிஷ் வேறு. சட்டைப் பையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு டிக்கெட். கூட யாரென்று கேட்டால், “யாரும் இல்லடி.” நான் நம்பவில்லை.

நேற்று மர்பி டவுன் வீட்டிலிருந்து ஆட்டோவில் உங்கள் பின்னாலேயே வந்து, தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். உங்கள் பக்கத்து இருக்கை காலி.

படத்தில் தளபதிக்கு வயிற்றுப்போக்கு. சண்டைக்கு உத்தரவிட ஆளில்லை. செத்துப்போனதாகச் சரித்திரம் சொல்லும் படை முழுசாக வீடு திரும்புகிறது. தியேட்டரே சிரித்தது. நீங்கள் காலி இருக்கையைத் தட்டி, “பாத்தியாடா உத்தமா!” என்றீர்கள்.

உங்களோடு அமைதிப்படையில் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரும்பி வராத உத்தமன்.

அடுத்த தடவை மூன்று டிக்கெட் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி