தபீரின் விலாவில் என் அம்பு

அன்பு மகன் காரேகிக்கு அப்பா எழுதிக்கொண்டது. அந்தப் பெரிய ஊரில் நீ சுகமாக இருக்கிறாய், செங்கல் சுமக்கும் வேலைக்குத் தவறாமல் போகிறாய், போன முறை இருந்த இருமல் விட்டுவிட்டது என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், வழக்கம் அது, எழுதிவிட்டேன். உடம்பை மட்டும் கேட்டால் அது பொய்யும் இல்லை. உன் அம்மா பிக்குகிக்கு முட்டி வலி, மற்றபடி முன்போலவே எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டு திரிகிறாள். உன் தங்கை சிம்பேகிக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது, தலை நிறைய முடி, அழுதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. மழை பெய்து மரவள்ளி தளிர்த்துவிட்டது. எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, வரி ஏன் கோணிக்கொண்டு போகிறது என்று நீ பார்ப்பாய். உன் அம்மா, "நீ சொல்லு, நான் எழுதித் தர்றேன்" என்று தாளைப் பிடுங்க வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் சொன்னதைத்தான் எழுதினாளா என்று இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சரிபார்ப்பது? முப்பது வருஷம் என்னோடு காட்டில் நடந்தவளிடம் ஒரு கடிதத்தை நம்பிக் கொடுக்க முடியவில்லை. இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது நீயும் அவளும்தான்.

உன் மாமா தாத்துகியின் காலைப் பற்றி முதலில் சொல்கிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல். அவன் காலில் என் அம்பு பாய்ந்தது. பன்னிரண்டு நாள் ஆகிறது. காட்டுப்பழம் உதிர்ந்து கிடக்கும் ஓடைக்கரையில் சிவப்பு மான் வரும் என்று இரண்டு பேரும் போனோம், அவன் சுற்றிக்கொண்டு மேலே போக வேண்டும், நான் கீழே நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் புதருக்குள் தாழ்வாகச் செம்மண் நிறத்தில் ஒன்று அசைந்தது. காதும் காலும் கண்ணுக்குத் தெரியாமல் நாணை விடக் கூடாது என்பது என் விதி, உனக்கும் தெரியும், இந்த விஷயத்தில் நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் என்றும் தெரியும். அன்றைக்கு எனக்குக் காதும் தெரியவில்லை காலும் தெரியவில்லை. ஆனாலும் இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்றால், மூன்று மாதத்துக்கு முன்னால் அறுபது அடி தூரத்தில் நிழலில் நின்ற, பன்றியைவிடப் பெரிய அந்த நீள்மூக்குத் தபீரை இதே கண்தானே சரியாகக் காட்டியது, அதன் விலாவில் என் அம்புதானே நின்றது, அப்படியிருக்க என் கைக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று நினைத்தேன். புதருக்குள் இருந்தது உன் மாமா, செம்மண் நிறம் தேவாலயத்துக்காரர்கள் கொடுத்த சட்டை. குனிந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். கெண்டைக்காலில் பாய்ந்தது. நம் அம்பு முனையில் ஒரு பக்கம் முழுக்க முள் வரிசை, பின்னால் இழுக்க முடியாது, முன்னால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். தள்ளினேன். அவன் போட்ட சத்தத்தில் குரங்குக்கூட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடியது.

அந்த வலியில்தான் அவன் வாயைத் திறந்தான். "அட குருட்டு மச்சான், தபீரை நீயா கொன்ன? உன் மகன் கொன்னான்! உன் அம்பு எங்க போச்சு தெரியுமா, அத்தி மரத்துல போய்க் குத்திக்கிட்டு நின்னுச்சு, தபீர் நின்ன எடத்துக்கும் அதுக்கும் நாலு ஆள் தூரம்! நான்தான் பிடுங்கிக் குடுத்தேன், உன் மகன்தான் சொருகினான்" என்று கத்தினான். வலியில் உளறுகிறான் என்று முதலில் நினைத்தேன், அவனைத் தோளில் தாங்கிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரும் வழியெல்லாம் அவன், "சொன்னதை மறந்துடு மச்சான், மறந்துடு" என்று கெஞ்சினான். உளறியவன் எதற்குக் கெஞ்ச வேண்டும்? நர்ஸ் ஏழு தையல் போட்டாள், இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான், விரல் அசைகிறது, பயப்படாதே.

மகனே, அந்த நாளை நான் எத்தனை முறை திரும்பத் திரும்ப நினைத்து மகிழ்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ இரண்டு வார லீவில் வந்திருந்தாய். நான் அதற்கு முன் நான்கு மாதமாக ஒரு எறும்புத்தின்னியைக்கூட விழுத்தவில்லை. தபீர் தண்ணீரிலிருந்து ஏறியது, நான் விட்டேன், அந்தப் பக்கத்திலிருந்து நீ விட்டாய், அது ஓடியது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நீயும் உன் மாமாவும் முன்னால் ஓடினீர்கள், நான் மெதுவாக வந்து சேர்ந்தபோது தபீர் படுத்திருந்தது, விலாவில் என் கழுகிறகு வைத்த அம்பு. "அப்பா, உன் அம்புதான்" என்று நீ சொன்னாய். மூன்றே வார்த்தை. அதற்கு மேல் நீ எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை, கொன்றவன் வாய் திறக்க மாட்டான், தலையைக் குனிந்துகொண்டு ஊருக்கு வந்து ஓரமாக உட்காருவான், மற்றவர்கள்தான் அவன் கொன்றதைச் சொல்வார்கள் என்பது நம் வழக்கம். நான் அப்படியே குனிந்துகொண்டு வந்தேன். நம் அடக்கம் உன் பொய்க்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பார்த்தாயா. நீ ஒருவன் சொன்னாய், உன் மாமா ஆமாம் போட்டான், ஊர் நம்பியது, அல்லது நம்பியது போல நடித்தது.

என் மேலும் குற்றம் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் நானும் உங்கள் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவேன். தபீரின் விலாவிலிருந்து அந்த அம்பை நான் பிடித்து இழுத்தேன். ஈரமண்ணில் குத்திய குச்சி போல வந்துவிட்டது. முள் வரிசை வைத்த அம்பு விலா எலும்புக்குள் போனால் கத்தி வைத்து அறுக்காமல் வருமா? முன்பே வேறொரு அம்பை அறுத்தெடுத்தது போல, காயத்தின் வாய் கிழிந்து அகலமாக இருந்ததை என் விரல் தொட்டுப் பார்த்தது. விரலுக்குக் கண் மங்கவில்லை. ஆனாலும் நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தாத்துகியின் கால் முழுசாக இருந்திருக்கும். அது என் பங்கு. உன் பங்கை நீ எண்ணிக்கொள்.

உன் அம்மாவிடம் கேட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்காமலே, "அன்னைக்கு சாயங்காலமே தெரியும்" என்றாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "நாலு மாசம் மூலையில உக்காந்து யார்கிட்டயும் பேசாம இருந்த, அன்னைக்குத்தான் சிரிச்ச. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல" என்றாள். அதற்கு மேல், "புள்ள ஆசையா செஞ்சான், அதைப் போய் இப்படிக் கிண்டாத" என்று என்னையே கடிந்துகொண்டாள். ஆசையாகத்தான் செய்தாய், எனக்குத் தெரியாமல் இல்லை. விரோதி ஒருவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது, அவனிடம் நான் எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டேன். உன் அம்மா தபீர்க் கறியைப் பங்கு போட்டாள் அல்லவா, உனக்கும் ஒரு பங்கு வைத்தாள். நீ கொன்றது என்று தெரிந்தே வைத்தாள். நீயும் தின்றாய். தன் அம்பில் விழுந்ததைத் தானே தின்பவனை நம்மில் யாராவது பார்த்திருக்கிறார்களா? தின்றால் அம்பு வழி தவறும், விலங்கு அவனை விட்டு விலகும் என்று தெரிந்தும், தின்னாமல் இருந்தால் நான் கேட்பேனே என்று பயந்து தின்றிருக்கிறாய். நீ இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போனதை நான் பார்த்தேன், அந்தப் பெரிய ஊர்ச் சாப்பாட்டில் வயிறு சுருங்கிவிட்டது போல என்று நினைத்துச் சிரித்தேன். என் சந்தோஷத்துக்காக உன் கையை நீயே கெடுத்துக்கொண்டாய், அதையும் நான் மன்னிக்கவில்லை.

இனிமேல்தான் பெரிய விஷயம். சிம்பேகி கர்ப்பமாக இருந்தபோது தின்ற பெரிய இறைச்சி அந்தத் தபீர்தான், ஆகவே குழந்தைக்குத் தபீரின் பெயர், ப்ரேவிகி என்று முடிவாகியிருந்தது. இறைச்சி கொடுத்தவன் குழந்தைக்கு இன்னொரு தகப்பன், காய்ச்சல் வந்தால் அவன்தான் முதலில் ஓடி வர வேண்டும். பெயர் வைக்க எல்லோரும் கூடி உட்கார்ந்து, குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக உன் அம்மாவைத் தவிர யாரிடமும் இதைப் பேசாமல் அடக்கி வைத்திருந்த என்னால் அப்போது முடியவில்லை. இறைச்சி கொடுத்தது நான் இல்லை, என் அம்பு மரத்தில் குத்தியது, கொன்றது காரேகி, இந்தக் குழந்தைக்கு அவன்தான் தகப்பன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் ஒரே கூச்சலாக இருக்கும், என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை மகனே. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தாத்துகி கம்பால் மண்ணைக் கிளறினான். சிம்பேகி அழுதாள், "எங்களுக்குத் தெரியும்பா" என்றாள். மூன்று மாதமாக அந்தத் தபீரை நான் எப்படிக் குறி வைத்தேன் என்று அடுப்புக்கு அடுப்பு போய்ச் சொன்னேனே, நாம் அடக்கமாக இருக்க வேண்டும் என்பதையும் மறந்து சொன்னேனே, அத்தனை பேரும் தலையாட்டிக் கேட்டார்களே, அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட, "தாத்தாகிட்ட சொல்லாதே" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் வெளியே நின்றிருக்கிறேன். குழந்தையைச் சிம்பேகியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். பெயர் வைக்கவில்லை, நீ வரும்வரை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வில்லின் நாணை அவிழ்த்துச் சுற்றிக் கூரையில் சொருகிவிட்டேன். இது கோபத்தில் செய்ததில்லை, ஒரு ஆள் காலில் அம்பு விட்டவன் இனி தொடக் கூடாது. வேட்டை நின்றுபோனதற்காக நான் அழவில்லை, உன் அம்மா அப்படி நினைத்துக்கொண்டு மற்றவர்களிடம் சொல்கிறாள், அவள் எழுதினால் நம்பாதே. கை ஓய்ந்தவனுக்குச் சோறு போடாத கூட்டமா நம்முடையது? நான் விழுத்தியதை இத்தனை வருஷம் மற்றவர்கள் தின்றார்கள், மற்றவர்கள் விழுத்தியதை நான் தின்றேன், இனியும் தின்பேன். என்னைப் போட்டு அரிப்பது வேறு. நீ பிறந்த நாளிலிருந்து நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன், இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, எந்த அப்பனும் சொல்ல மாட்டான். என் மகன் அம்பில் விழுந்த பெரிய விலங்கின் கறியை ஒரு நாள் நான் தின்ன வேண்டும். நீ சின்ன வயதில் விழுத்திய பறவைகளைத் தின்றேன், அது கணக்கில்லை. பிறகு நீ ஊரைவிட்டுப் போய்விட்டாய், சரி, நடக்காது என்று விட்டுவிட்டேன். நடந்திருக்கிறது. நீ தபீரை விழுத்தியிருக்கிறாய், ஒரே அம்பில், ஓடையைத் தாண்டி. அந்த நாளில் ஊரே கொழுப்பு வழிய வழியத் தின்றது, நான் மட்டும் என்னுடையது என்று நம்பி, வாயில் ஒரு துண்டு வைக்காமல், மரவள்ளியைத் தின்றுவிட்டு, கர்வத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எனக்கு ஒரு தபீரைக் கொடுத்ததாக நினைத்தாய். என் வாயிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாய்.

குளிர் காலத்தில் சட்டை போடாமல் வேலை செய்யாதே. சாரத்தில் ஏறும்போது கீழே பார்க்காதே. சீக்கிரம் உனக்கு ஒரு குடும்பம் அமையட்டும், பிள்ளைகள் பிறக்கட்டும், அவர்கள் உன்னிடம் உண்மை பேசட்டும். குழந்தை இன்னும் பெயரில்லாமல் இருக்கிறது, அதை மறந்துவிடாதே, அடுத்த லீவுக்கு வந்தே தீர வேண்டும். வந்து உன் வில்லை எடு, தபீராக இருந்தாலும் சரி, பன்றியாக இருந்தாலும் சரி, ஒன்றை விழுத்து. இந்த ஒரு தடவை மட்டும் வழக்கத்தை மீறித் தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்க, நான்தான் கொன்றேன் என்று சொல். சொல்லிவிட்டு என் இலையில் கறியை வை. நான் தின்கிறேன்.

இன்னும் பசியோடு இருக்கும் உன் அப்பா,
மெம்போகி