பூப்போட்ட சாக்ஸபோனின் வாய்

ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
9 ஜூன் 2024

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது.

பெங்களூரு மியூசியத்தில் உன் அப்பன் உன் மானத்தை வாங்கிவிட்டான். புத்த விகாரைக்குப் போகிற பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். அந்தப் பளபளப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்தது நான் ஒருத்தன்தான். கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். காவலுக்கு இருந்த பெண் வந்து மூக்கு பட்ட இடத்தைத் துணியால் துடைத்தாள். நான் மறுபடி ஒட்டினேன், அவள் மறுபடி துடைத்தாள். கடைசியில் நான்தான் தோற்றேன்.

அம்மா வீட்டில் தனியாக இருந்ததால் உன்னைப் பார்க்காமலே ரயில் ஏறிவிட்டேன். அங்கே பார்த்ததைப் போனில் சொல்லவும் வழியில்லை. சுரங்கத்து டிரில் மிஷின் என் காதைத் தின்றுவிட்டது. நான் போனில் பேசினால் ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் கேட்கும், பக்கத்தில் இருக்கிற உன் அம்மாவுக்குக் கேட்காதா?

உன் அண்ணன் எழிலனின் சாக்ஸபோன் ஜோராக இருக்கிறது. குழல் வாயைச் சுற்றி ரோஜாக்கொடி, நடுவில் கூந்தலை விரித்துப் போட்ட பெண், விரல் வைக்கிற இடமெல்லாம் முத்துச்சிப்பி. வாசிக்கச் சொல்லிக்கொடுத்த டக்ளஸ் மாஸ்டர் அதை அவன் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போன அன்றுகூட அது இப்படி மின்னவில்லை. நூறு வருஷத்துச் சாமான் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எழிலன் பேர் அதில் இல்லை.

மவுத்பீஸை மாற்றிவிட்டார்கள், வெண்ணிலா. வாயில் வைத்து ஊதுகிற அந்தக் கறுப்புத் துண்டு. இப்போது வெள்ளையாக ஒன்று மாட்டியிருக்கிறது, பச்சைப் பிள்ளையின் ஈறு மாதிரி வழவழவென்று. எழிலனுடையதில் மேல்பக்கம் அவன் முன்பல் பதிந்து பதிந்து இரண்டு குழி இருக்கும்.

உன் அம்மாவுக்கு அது மட்டும்தான் வேண்டும். போன வருஷம் கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்தவன் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான், சாக்ஸபோனுக்கு ஒரு நசுங்கல் இல்லை. அதனாலேயே அதன் மேல் அவளுக்கு ஆத்திரம். "பூவு, பொண்ணு எல்லாம் அவங்களே வெச்சிக்கட்டும். எம்புள்ள பல்லு பட்டதக் குடுக்கச் சொல்லுங்க. அது வந்தாதான் அவ இந்த வாசப்படி மிதிக்கலாம்" என்கிறாள். அவ என்றால் நீ. மியூசியத்துக்குக் கொடுத்தது நீதானே.

எப்படியாவது கேட்டு வாங்கும்மா.

உன் அப்பா
சின்னப்பா


பெங்களூரு
21 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வெறுங்காலோடு நடந்தால் இன்னா, என் மானம் ஒன்றும் போகவில்லை.

மியூசியத்தில் போய்க் கேட்டேன். அந்தக் கறுப்புத் துண்டு இல்லை அப்பா. களிம்பு எடுக்கும்போது, துளைகளை மூடுகிற மட்கிப்போன தோல் துண்டுகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். "நூறு வருஷத்துச் சாமானில் நேற்றைய பிளாஸ்டிக் எதுக்கு மேடம்?" என்றார் அங்கிருந்தவர், மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் காலத்து மவுத்பீஸையே தேடிப் பிடித்து மாட்டியிருப்பதாகச் சந்தோஷமாகக் காட்டினார். குப்பை போன இடத்தையும் கேட்டேன். போய்ப் பல மாதம் ஆகிவிட்டது.

வீட்டில் கிடந்தால் பச்சைக் களிம்பு பிடித்து வீணாகிவிடும், அங்கே இருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்றுதான் கொடுத்தேன். அண்ணன் பல் பதிந்திருந்ததை நான் கவனித்ததே இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வெண்ணிலா


ஸ்கெலட்டன்
28 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

சொல்லிவிடலாம் என்றுதான் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். "இன்னா சொல்றா உங்க பொண்ணு?" என்றாள். "தேடிக்கினு இருக்காங்களாம்" என்று வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டை பேண்டு சைலஸிடம் போய்ப் பழைய மவுத்பீஸ் ஒன்று கேட்டேன், கறுப்பாக. "இன்னா மாமா, இந்த வயசுல ஊதப் போறியா? ஊர்ல இருக்கறவங்க காது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தவன் எடுத்துக் கொடுத்தான்.

எழிலனுக்கு இடது முன்பல் கொஞ்சம் தூக்கல். நான் அவனுக்குக் கொடுத்த ஒரே சொத்து அந்தப் பல்தான். அந்தத் தைரியத்தில் தினமும் சுரங்கக் கழிவு மண் கொட்டிய சயனைடு மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மவுத்பீஸைக் கடித்தேன். நாய்க்குட்டி செருப்பைக் கடிக்குமே, அப்படி. ஆடு மேய்க்க வந்த வெங்கடம்மா பார்த்துவிட்டு, "பசியாண்ணா?" என்று அரை முறுக்கு கொடுத்தாள். வாங்கித் தின்றுவிட்டு மறுபடி கடித்தேன். குழி விழுந்தது. பல்லில் ஒரு மூலையும் பெயர்ந்தது.

நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவினாள். "குழி சின்னதாய்டுச்சே" என்றாள்.

"தேச்சிக் கழுவியிருப்பாங்க."

"கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டாங்களா" என்று திட்டினாள். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எழிலன் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை, நேற்று அழுதாள். அழுது முடித்து, "அவள வரச் சொல்லுங்க. நானும் ரொம்பத்தான் பேசிட்டேன்" என்றாள்.

இனி நீ வரலாம். வந்தால் அதை உன் கையில் வைத்துத் தடவச் சொல்வாள். தடவு. உன்னையும் என் பொய்க்குள் இழுத்துவிட்டேன். வரவே முடியாது என்று தோன்றினாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இதை எழுதும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கைக்குள் அதை வைத்துக்கொண்டு எழிலனோடு பேசுகிறாள், உதடு அசைகிறது. பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்து, "இன்னா அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவளிடம் மனசுக்குள் மட்டும் சொன்னேன்: அது என் பல்லு கண்மணி, அவனுது இல்ல.

அப்பா