தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன்

விழுப்புரம்,
28.7.2025

அன்புள்ள ஃபஸீஹாவுக்கு,

அருணா எழுதுகிறேன். இங்கே நான், என் வீட்டுக்காரர் கோபி, என் ஜெராக்ஸ் கடை எல்லாம் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க ஒரு போன் நம்பர்கூட வைத்துக்கொள்ளாத மகராசி நீ. அதனால்தான் இந்தக் காலத்தில் கவர் வாங்கி, ஸ்டாம்ப் ஒட்டி, கடிதம் போட வேண்டியிருக்கிறது.

போன வாரம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து அவர்களே கூப்பிட்டார்கள். “ஃபஸீஹா ஷார்ஜாலேர்ந்து வந்துட்டாம்மா, பாப்பாவையும் இட்டுக்கினு வந்துட்டா. கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்றார்கள். நம்பர் கேட்டேன். “போனே வேணாம்னு பொட்டில போட்டு மூடிட்டா” என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கோட்டக்குப்பம் விலாசத்தை மட்டும் கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்றெல்லாம் உன்னைக் குடைய மாட்டேன். எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஆமாம், காரியவாதிதான், திட்டிக்கொள்.

நம்முடைய கல்மரம் உடையப் போகிறதடி.

சிரிக்காதே. கல்யாணமாகிக் கடை நடத்துகிறவள் இன்னும் கம்ப்யூட்டர் விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்றுதானே நினைக்கிறாய்? நினைத்துக்கொள். திண்டிவனத்தில் காலேஜ் படித்தபோது சகாயராஜ் அண்ணன் பிரவுசிங் சென்டரில் யார் யாரை முதலில் இழுத்துக்கொண்டு போனது? ப்ராஜெக்டுக்குப் படம் எடுக்கணும் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போய், ‘ஏழு கோட்டை’ விளையாட்டைத் திறந்து, கையில் வேலோடு ஒரு பொம்மையை நிறுத்தி, இதுதான்டி நீ என்று சொன்னது யார்? நான் கூட்டேரிப்பட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த மல்லாட்டையை எல்லாம் தின்றுவிட்டுக் கடலைத் தோலைக் கீபோர்டில் போட்டது யார்? பெண்பிள்ளைகள் வருகிறார்கள், யாரும் தப்பாகப் பேசிவிடக் கூடாது என்று சகாயராஜ் அண்ணன் வாசல் பக்கத்து மேஜையை நமக்கென்றே ஒதுக்கிவைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? அந்த இடத்தில் இப்போது டூ வீலர் ஷோரூம் இருக்கிறது. பஸ்ஸில் தாண்டும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அப்போது தமிழ்நாடு முழுக்கக் கரண்டு போகும் காலம். அதனால்தானே நீ தலைவர் ஆனாய்! முப்பது பேர் சேர்ந்து பனிமலை ராட்சசனை அடித்துக்கொண்டிருக்கிறோம். சேலத்துப் பையன் ஒருத்தன்தான் தலைவன். நடுச்சண்டையில் அவன் ஊரில் கரண்டு போய்விட்டது. எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் சிதறி ஓடுகிறார்கள். வகுப்பில் உள்ளேன் ஐயா சொல்லவே குரல் வராத நீ, கீபோர்டைத் தட்டினாய் பார்: “யாரும் ஓடாதீங்க. எல்லாரும் என் பின்னாடி நில்லுங்க.” நின்றார்கள்! யார் பேச்சையும் கேட்காத அந்த மலேசியாக்காரன்கூட நின்றான். ராட்சசன் விழுந்தபோது நீ என் தொடையில் கிள்ளியது ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. அந்த வாரமே உன்னைத் தலைவர் ஆக்கினார்கள். திருவக்கரை டூர் போய்வந்த புதிது. மரம் எப்படிக் கல்லாகும் என்று நீ கேட்டுக் கேட்டு சாரை நச்சரித்துக்கொண்டிருந்தாய். அதனால் கூட்டத்துக்குக் கல்மரம் என்று பேர் வைத்தாய்.

கடைசிப் பந்தியும் உன் சட்டம்தான். கல்யாண வீட்டில் வீட்டுக்காரர்கள் கடைசியில்தானே உட்காருவார்கள், அதுபோல் சண்டையில் கிடைக்கும் பொருளில் புதிதாக வந்தவனுக்கு முதலில், தலைவருக்குக் கடைசியில் என்று வைத்தாய். இதனால் உனக்கு உருப்படியாக ஒரு கவசம்கூடக் கிடைத்ததில்லை. கிழிந்த தோல்சட்டையோடு நிற்கும் ஒரே தலைவர் நீதான்.

உன் கல்யாணத்துக்கு முன்னால் பாஸ்வேர்டை என் கையில் கொடுத்தாய். “வாரத்துக்கு ஒரு தடவை என்னை உள்ள கொண்டுபோய் நிறுத்துடி. தலைவர் வராம இருந்தா கம்பெனிக்காரன் கல்மரத்தக் கலைச்சிடுவான்” என்றாய். நிறுத்தினேன். இன்றுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை திறந்ததும் உன்னைக் கோட்டை வாசல் கிணற்றடியில் நிறுத்திவிட்டுத்தான் முதல் ஜெராக்ஸ் போடுகிறேன். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் ‘சுக்கான்’ என்ற உன் விளையாட்டுப் பெயரைப் பார்த்தால் ஆம்பிளை என்று நினைப்பு. சுக்கான் அண்ணன், சுக்கான் அண்ணன் என்று அத்தனை மரியாதை! நான் துணைத் தலைவி. எது கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வேன்: தலைவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.

வாசலில் சீட்டுக்காரரோ இன்ஷூரன்ஸ்காரரோ வந்தால் நம் வீட்டுப் பெண்கள் சொல்வோமே, “அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்” என்று. அது என் நாக்கிலேயே ஊறிப்போயிருக்கிறது. யாரையாவது நீக்க வேண்டுமா, தலைவர் சொல்லிவிட்டார். சண்டைக்குப் போக வேண்டாமா, தலைவருக்கு இஷ்டமில்லை. என்மேல் ஒரு சொல் விழாது. எவ்வளவு சௌகரியம் தெரியுமா?

இப்போது அதற்கு வந்தது வினை. கெடாரைச் சேர்ந்த மணிமாறன் என்று ஒருத்தன், ஓசூரில் கம்பெனி வேலை. எங்கள் முன்வரிசைக்காரன், அடி எல்லாம் அவன்தான் வாங்குவான். போன வாரம் ஒரு பெரிய கேடயம் கிடைத்தது. உன் சட்டப்படி அதை நேற்று வந்த ஒரு பொடியனுக்குக் கொடுத்தேன். தூக்கவே தெம்பில்லாத பயல். மணிமாறனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “யாருக்கா அந்தத் தலைவரு? நாங்க அடி வாங்கிக்கினு கெடக்கணும், அவரு கிணத்தாண்ட நின்னுக்கினு சட்டம் போடுவாரா? வர்ற எட்டாந்தேதி வாய்ஸ்ல வந்து பேசச் சொல்லு. இல்லன்னா நாங்க தனியா போறோம்” என்கிறான். பாதிப்பேர் அவன் பக்கம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. குவைத்தில் இருக்கும் நம் கூட்டத்துப் பிள்ளைகள் தொழுகை முடிந்து வரும் நேரம், இங்கே மூன்றரை மணிக்குமேல். நீ வர வேண்டும். ஐந்து நிமிடம் பேசினால் போதும். உன் தம்பி யாஹ்யாவின் போனிலேயே வந்துவிடலாம். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு வாய் வராதடி.

உன் மகளுக்கு என் முத்தங்கள். பதில் போடாவிட்டால் நேரில் வந்து மானத்தை வாங்குவேன்.

உன்,
அருணா


கோட்டக்குப்பம்,
2.8.2025

அன்புத் தோழி அருணாவுக்கு ஃபஸீஹாவின் சலாம்.

உன் கடிதத்தை அம்மாதான் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்த சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தார்கள். அந்த அளவுக்கு இருக்கிறது இங்கே நிலைமை.

எதற்கு வந்தாய் என்று நீ கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்காத ஒரே ஆள் நீதான்.

நான் வரமாட்டேன் அருணா. கோபித்துக்கொள்ளாதே. என் குரல் எனக்கே மறந்துபோய்விட்டது. ஷார்ஜாவில் அவர் என்ன மீன் வாங்குவது என்றுகூட என்னைக் கேட்டுச் செய்ததில்லை. இங்கே ஹாலில் பெரியத்தா, மாமா, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஃபஸீஹா திரும்பிப் போய்விடுவாள், ஃபஸீஹாவுக்கு அதில் சம்மதம்தான், ஃபஸீஹா சின்னப் பிள்ளையா, புரிந்துகொள்வாள். எல்லாம் என் பெயரில்தான். நான் உள்ளே டீ கலந்து தட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள், முடிவு பண்ணிவிடுவார்களாம்.

அப்படிப்பட்டவள் முப்பது பேரை என் பின்னால் நிற்கச் சொன்னேனா? நீ எழுதியிருக்காவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நீயே தலைவராகிக்கொள். பாஸ்வேர்டு உன்னிடம்தானே இருக்கிறது, மாற்றிக்கொள். ஒரு மாதத்தில் மாற்றியிருப்பாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் என்னைக் கிணற்றடியில் நிறுத்திவைத்தாயே, பைத்தியம்.

ஒன்று மட்டும் எழுது. சுக்கான் அண்ணன் இதுவரை என்னவெல்லாம் உத்தரவு போட்டார்? நியாயமாகத்தான் நடந்துகொண்டாரா? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

என் மகள் நஸ்ரின் உன் முத்தத்துக்குப் பதில் முத்தம் கொடுக்கிறாள். உங்கள் எல்லாருக்கும் என் துஆ.

ஃபஸீஹா


விழுப்புரம்,
8.8.2025, வெள்ளி மாலை

அன்புள்ள ஃபஸீஹா,

இப்போதுதான் எல்லாம் முடிந்தது, அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதைத் தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. கோபிக்கு நாளைக்குக் காலையில் புதுச்சேரியில் வேலை இருக்கிறது. அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் வந்துவிட்டார்கள். மணிமாறன் எடுத்த எடுப்பிலேயே, “தலைவரு வந்துட்டாரா?” என்றான். தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் கடிதம் மேஜைமேல் கிடந்தது. எல்லாம் என் பெயரில்தான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பார்த்தேன். சீ என்றாகிவிட்டது.

“தலைவர் வரமாட்டார். அவங்க வந்து ரொம்ப வருஷமாகுது. கேடயத்தக் குடுத்தது நான். இத்தன நாளா எல்லாத்தையும் சொன்னது நான்தான். கேக்குறத என்னக் கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

மணிமாறன் விடுவானா? “அப்ப எங்கள ஏமாத்திக்கினு இருந்தியாக்கா?” என்று கத்தினான். நானும் கத்தினேன். பந்திச் சட்டம் எதற்கு என்று சொன்னேன். நீயும் ஒரு நாள் நேற்று வந்த பொடியனாகத்தான் வந்தாய், உன் முதல் வாள் யாருடைய பங்கு என்று கேட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருத்தர் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “அப்புறமா வர்றேம்மா, கோச்சிக்காத” என்று ஆதார் கார்டை மடித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. மணிமாறன் போய்விட்டான், கூட எட்டுப் பேர். நல்ல முன்வரிசைக்காரன், மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். சுப்பராயலு என்று ஒரு ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர் எங்களுக்கு வைத்தியர். அடிபட்டவர்களை எழுப்பிவிடுவது அவர் வேலை. அவர்தான், “சரிம்மா, பேசுனது போதும். இன்னிக்கி பனிமலைக்கு வண்டி எடுக்கிறியா இல்லியா?” என்றார். எடுத்தேன். முன்வரிசை இல்லாமல் போனால் என்ன ஆகும், செமத்தியாக அடி வாங்கிக்கொண்டு திரும்பினோம். எல்லாரும் செத்துக் கிடக்கும்போது குவைத் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதைக் கேட்க நீ இல்லையே என்றிருந்தது.

சுக்கான் அண்ணன் நியாயமாக நடந்தாரா என்று கேட்டாய். பெரும்பாலும் நடந்தார். கெட்ட வார்த்தை பேசியவர்களை வெளியே அனுப்பினார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை உள்ளே விட மறுத்தார். கஜா புயலின்போது சண்டையை எல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் வீடு பத்திரமா என்று விசாரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அதில் ஒன்றுகூட நீ சொன்னதில்லையே! நீ இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாய். நீ என்ன நினைப்பாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்டதாகச் சொல்லிக்கொண்டேன். உன் பெயரை வைத்து என் காரியத்தை நடத்தினேன். உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அவர்களுக்கு டீ கிடைக்கிறது, எனக்கு அதுவும் இல்லை.

பாஸ்வேர்டை நீயே மாற்றிக்கொள் என்று எழுதினாய். போட்டு உள்ளே போனேன். தலைமையை அருணாவுக்கு மாற்றவா என்று கேட்கிறது. ஆம் என்று ஓர் அழுத்து அழுத்தினால் முடிந்தது. என்னால் முடியவில்லை ஃபஸீஹா. உன் பெயரில் நான் செய்கிற கடைசிக் காரியமாக அதுவும் ஆகிவிடக் கூடாது. பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். பெட்டியிலிருந்து போனை எடு. தலைமையை எனக்குக் கொடுக்கிறாயோ, நீயே வைத்துக்கொள்கிறாயோ, கல்மரத்தையே கலைத்துவிடுகிறாயோ, எதுவானாலும் நீ சொல். நீ சொன்னால் சரி.

ஆனால் அதற்கு அவசரமில்லை. கல்மரம் எங்கேயும் ஓடிப்போகாது. ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் வருகிறது. போகிறேன் என்றால் போ, இருக்கிறேன் என்றால் இரு. எது நல்லது என்று சொல்ல நான் யார், இனி அந்த வேலையே எனக்கு வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்பது ஒன்றுதான். அவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நஸ்ரினைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஹாலுக்குள் போய் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரடி.

உன்,
அருணா