நல்லுசாமியின் மஞ்சள் வயல்

லால்குடி
14.11.1984

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ரோசரியின் வணக்கம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். வேளாண்மை அலுவலக வேலை பழகிவிட்டது.

போன மாதம் நல்லுசாமி என்ற விவசாயியின் நெற்பயிர் மஞ்சளித்து, வளராமல் நின்றது. துத்தநாகச் சத்துக் குறைவு என்று நினைத்து, துத்தநாக சல்பேட் போடச் சொன்னேன். பயிர் தேறவில்லை. மறுபடி போய்ப் பார்த்தபோது பச்சைத் தத்துப்பூச்சிகள் இருந்தன. அவை பரப்பும் துங்ரோ நோய் அது. அது வந்த பயிரைக் காப்பாற்ற மருந்தில்லை.

அவரிடமே சொன்னேன். "தப்பு என்னோடதுதாங்க. இலையைப் பாத்தேன், பூச்சியைப் பாக்கல."

அவர் வரப்பில் ஏறி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, "பக்கத்து வயலு என் தங்கச்சி அழகம்மாளோடதுங்க. அதையாவது காப்பாத்தலாமா?" என்றார்.

"காப்பாத்தலாங்க. நோய் வந்த பயிரைப் பிடுங்கிப் புதைச்சிட்டு, தங்கச்சி வயலுல பூச்சிமருந்து அடிக்கணும்."

முதல் பயிரை அவரே பிடுங்கினார். நானும் சேற்றில் இறங்கினேன். தங்கையின் வயல் இன்றும் பச்சையாக இருக்கிறது.

கவலைப்படாதீர்கள், அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

வீட்டில் என் பெட்டியிலுள்ள பயிர்நோய்ப் புத்தகத்தை அனுப்புங்கள். உள்ளே உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள். நான் தங்கியிருக்கும் ஸ்ரீரங்கத்து அறையில் பேச ஆளில்லை. அங்கே போகும் பஸ் வந்துவிட்டது.

ரோசரி