மலைக்கு ஒவ்வாத விசிறி

மஞ்சக்குட்டை,
சனிக்கிழமை.

என் அன்பு மாமாவுக்கு,

வெண்ணிலா எழுதுகிறேன். நான் எழுந்து நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன். மாலத்தீவில் உங்களுக்கும் மழை பிடித்துவிட்டதா? போனில் பேசினால் பாதியில் நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுதுவிடுகிறேன். நடந்தது நடந்தபடி உங்களிடம் வந்து சேரவே இல்லை. டீக்கடை சாதிக் பாஷா அண்ணனின் மச்சான் திங்கட்கிழமை மாலேவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

என் தம்பி விக்னேஷ் பிழைத்துக்கொண்டான். இடது கண் போய்விட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்கிறான். அம்மாவிடம் கண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

ரிசார்ட்டு ஏரிக்கு அந்த மோட்டார் போட் வந்த புதிதில், அதை ஓட்டுகிற விக்னேஷ், படகு இன்ஜின் தெரிந்த உங்களிடம் யோசனை கேட்டது நினைவிருக்கும். கடலோரம் ஓடிய இன்ஜின், அதே புரொப்பல்லர். இங்கே எல்லோருக்கும் அது விசிறிதான். மலைமேல் காற்று மெலிசு, கீழே இருந்த பலம் இன்ஜினுக்கு இங்கே இருக்காது என்று சொன்னீர்கள். ஆள் ஏற்றும் படகுக்கு விசிறியை மெதுவாகவும் பலமாகவும் சுற்றுகிற கியர் வேண்டும், முடியாவிட்டால் ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தள்ளுகிற விசிறியையாவது மாட்டு என்றீர்கள். கியரை மாற்ற மேனேஜர் ஒப்பவில்லை. விசிறியை மட்டும் மாற்றினார்கள். படகு வேகமாகப் போகாது. ஆனால் பத்துப் பேரை ஏற்றினாலும் முக்காமல் இழுத்தது.

அந்த நிதானம் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. விளம்பர வீடியோவுக்குப் பழைய வேக விசிறியை மாட்டச் சொன்னார். இரண்டே பேரோடு படகு பறந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விசிறியை மாற்ற நேரமில்லை, அப்படியே ஓட்டு என்றார்.

நான் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தேன். விக்னேஷ் தணிவாகத்தான் சொன்னான்: “ஏனுங்க, ஆளேத்துனா இந்த விசிறி இழுக்காதுங்க. மேல மழை பேஞ்சு கலங்கல்ல தண்ணி வழியுதுங்க. இழுத்துட்டுப் போயிருமுங்க.” வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க மேனேஜர் அவனை அறைந்தார். “ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லாட்டிச் சாவியைக் குடுத்துட்டு மலையெறங்கு.” கன்னத்தைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினான்.

நடு ஏரிக்குப் போனபோது மழை கொட்டியது. திரும்ப முயன்றான். இன்ஜின் உறுமியது, புகைந்தது, சுற்று ஏறவே இல்லை. படகு நின்ற இடத்திலேயே நடுங்கியது. பிறகு மெல்லப் பின்னால், ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் பக்கம் நழுவ ஆரம்பித்தது. ஆட்கள் அலறிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒரு சிறுமி பின்பக்கம் விழுந்துவிட்டாள், விசிறி சுற்றுகிற இடத்திலேயே. விக்னேஷ் இன்ஜினை அணைத்தான். அணைத்தால் படகு எங்கே போகும் என்று தெரிந்தேதான் அணைத்தான். குனிந்து அவள் முடியைப் பிடித்துத் தூக்கினான். அடுத்த கணம் படகு கலங்கல் கல்லில் மோதிப் பிளந்தது. அந்தச் சிறுமியின் அப்பா மண்டை உடைந்து அங்கேயே போய்விட்டார்.

கரைக்கு வந்த விக்னேஷ் மூச்சு வாங்கக்கூட இல்லை. மேனேஜர் கத்தினார்: “குடிச்சிட்டு ஓட்டிட்டான், புடிங்கடா!” முதல் அடி செத்தவரின் மனைவி மலர் செருப்பால் அடித்தது. அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அதற்குப் பின் அடிக்க வந்தவர்களின் சொந்தக்காரர் யாரும் படகில் இல்லை. துடுப்பால் அடித்தார்கள். விழுந்த பிறகு முகத்தில் மிதித்தார்கள். ஒருவன் கல்லைத் தூக்கிப் போட்டான். என் தம்பியின் முகம் முகமாக இல்லை, மாமா. நான் மேலே விழுந்து மறைத்தேன், என் முதுகிலும் விழுந்தது.

அவனை ஜீப்பில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். மேனேஜரின் ஆட்கள் இருவர் உடைந்த படகின் பின்னால் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அந்த நல்ல விசிறி. அதை மாட்டிவிட்டு வேக விசிறியை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “தொடாதீங்க!” என்று ஓடினேன். ஒருவன் என் சடையைச் சுற்றிப் பிடித்துக் கல்லில் அடித்தான். முன்பல் இரண்டு போயிற்று. கையில் கிடைத்த துடுப்பை எடுத்து வீசினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். அதன் பிறகும் அடித்தேன். சாதிக் பாஷா அண்ணன் என்னை இடுப்போடு தூக்கி விலக்கினார். “போதும்மா, செத்துருவான்!” போலீஸ் வரும்வரை அந்த வேக விசிறியை விட்டு அவர் நகரவில்லை.

விக்னேஷ் மீது வழக்கு, என் மீதும் வழக்கு. எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. மேனேஜரையும் பிடித்தார்கள். அவரும் ஜாமீனில் வெளியே நடக்கிறார்.

நேற்று மலர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலிலேயே நின்று, “எம்புள்ள பின்னால கெடந்தா, அதனாலதான் நிறுத்துனான்னு போலீஸ்ல சொல்லிட்டேனுங்க” என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “கும்புடாதீங்க. எனக்கு அவன் மொகத்தப் பாக்க முடியல. ஆனா பொய் சொல்ல மாட்டேன்” என்று திரும்பிப் போய்விட்டார்.

காப்பிச் செடிக்கு இந்த மழை நல்லது என்கிறார்கள். எனக்கு மழைச் சத்தமே ஆகவில்லை.

மாமா, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை ஒரு தடவைதான் கேட்டேன். மேனேஜரை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை என்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, அதுதான் பயம். விழுந்தவனையும் விடாமல் அடித்தவள் நான். சோறு பிசையும்போதுகூட இந்தக் கை வேறு யாருடையதோ போலத் தெரிகிறது.

நீங்கள் வாருங்கள். கட்டாயம் வாருங்கள். அந்தப் படகுக்கு எந்த விசிறி பொருந்தும், இது ஏன் பொருந்தாது என்று கோர்ட்டில் நின்று சொல்ல எங்களுக்கு உங்களை விட்டால் யாருமில்லை. வேறெதற்கும் வர வேண்டாம். விமானத்தில் ஏறும் முன் ஒரு வார்த்தை, வெறுங்கையோடுதான் வருகிறேன் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் அன்று இரவாவது தூங்குவேன்.

மாதேஸ்வரன் சாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
வெண்ணிலா